முன்னறை ஃபேனின் சத்தம்

சாய்ந்தமருது
2024 பெப்ரவரி 4

அன்புள்ள மகள் ஸஹ்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். சீனி வருத்தம் அதன் பாட்டில் இருக்கிறது, நான் என் பாட்டில் இருக்கிறேன். மருமகன் நளீமும் பேத்தி ஸைனபும் நீயும் அந்த லெஸ்டர் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்?

போன வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்ன விஷயத்துக்கு நான் "பாப்பம், பாப்பம்" என்றேன். போனில் எனக்குப் பதில் வராது. நீயும் நானும் போனில் "சாப்பிட்டீங்களா, அங்க மழையா" என்பதைத் தாண்டிக் கதைத்ததே இல்லை. அதனால்தான் ஈமெயிலைக் கடிதம் மாதிரி எழுதுகிறேன். நீயும் கடிதமாகவே எழுது. பெருவிரல் உயர்த்திய படம் அனுப்பி முடித்துவிடாதே.

என் கதைகளை நானே வாசித்துப் பொட்காஸ்ட் போட வேண்டும் என்கிறாய். மகள், கதை என்பது ஒரு ஆள் தனியே இருந்து வாசிக்கிற சாமான். அதைச் சத்தம் போட்டு விற்க நான் என்ன மீன்காரனா? என் குரலும் அப்படி ஒன்றும் தேன் இல்லை. கச்சேரியில் அரசாங்க அலுவலராக நான் வேலை செய்த காலத்தில், நான் மெதுவாகக் கதைத்தாலே சனம் ஏசுவதாக நினைத்து எழுந்து நிற்கும்.

புத்தகமாகப் போட்டதே அலுமாரியில் அடுக்கியபடி கிடக்கிறது. உன் உம்மா இருந்தபோது எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மீன் கழுவிக்கொண்டே கேட்பார். "ஆரு இப்பிடிக் கதைக்கிற? மாத்துங்க" என்பார். மாற்றுவேன். சுல்பிகா போய் ஒன்றரை வருஷமாகிறது. அதற்குப் பிறகு யாருக்காக எழுதுவது என்று தெரியவில்லை, எழுதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முன்னறை ஃபேன் இப்போதும் டக், டக் என்று அடிக்கிறது. திருத்தச் சொல்லிச் சொல்லியே அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது திருத்த மனமில்லை.

துஆவுடன்,
வாப்பா


லெஸ்டர்
2024 பெப்ரவரி 25

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்கள் மூவரும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். ஸைனபுக்கு இருமல் மாறிவிட்டது. நீங்கள் சீனி வருத்தத்துக்கான இரவுக் குளிசையைத் தவற விடுகிறீர்களாம் என்று கமீலா மாமி நிந்தவூரிலிருந்து போன் எடுத்துச் சொன்னார். உங்களுக்கு மூத்த ராத்தா, அவருக்கு ஒளிக்க முடியாது.

கடிதமாகவே எழுதுகிறேன். ஆனால் நான் விடப்போவதில்லை.

நான் வேலைக்குப் போக ஒரு பஸ், வர ஒரு பஸ். ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் நாள் முழுக்கத் துணி மடிக்கிறேன். கையில் புத்தகம் பிடிக்க முடியாது. காது மட்டும் சும்மா இருக்கிறது. என் பக்கத்தில் நிற்கிற போலந்துக்காரி தன் நாட்டுக் கதைகளைக் கேட்டுக்கொண்டே மடிக்கிறாள், சிரிக்கிறாள். அவளைப் பார்த்து எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கு என் ஊர்ப் பாஷையில் கதைக்க இங்கே ஆள் இல்லை. நளீம் வேலை முடிந்து வந்தால் சோபாவில் விழுந்துவிடுவார்.

ஸைனபுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. உங்கள் புத்தகம் அவளுக்கு அட்டைப் படம் மட்டும்தான். அவளை மாதிரி எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? சமைக்கிற பெண்கள், லொறி ஓட்டுகிறவர்கள், கண் மங்கினவர்கள், இவர்களுக்கெல்லாம் யார் கதை சொல்வது? நீங்கள் உம்மாவுக்கு வாசித்துத்தானே கதையைத் திருத்தினீர்கள். அப்படியென்றால் உங்கள் கதை எல்லாம் முதலில் காதுக்குப் போனது. பிறகுதான் அச்சுக்குப் போனது.

புத்தகத்துக்கு அலுமாரி வேண்டும், அலுமாரிக்கு வீடு வேண்டும். இதற்கு ஒரு போன் போதும், வாப்பா. எங்கே இருந்தும் செய்யலாம். மாமி வீட்டில் இருந்துகூடச் செய்யலாம்.

இன்னொன்று. கூரை எப்படி இருக்கிறது என்று பார்க்க றஸாக் மாமாவை வரச் சொல்லியிருக்கிறேன். வந்தால் திறந்து காட்டுங்கள்.

உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
ஸஹ்றா


சாய்ந்தமருது
2024 மார்ச் 24

அன்புள்ள மகளுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. பள்ளிவாசல் கஞ்சியை ஒரு சட்டி வாங்கி வந்தால் எனக்கு நோன்பு திறக்கவும் விடியற்காலை ஸஹருக்கும் காணும். உங்களுக்கு அங்கே கஞ்சிக்கு வழி உண்டா?

உன் தொல்லை தாங்காமல் ஒரு கதை பதிந்தேன். பெருநாளைக்கு ஊருக்கே சட்டை தைத்துவிட்டுத் தன் சட்டையைத் தைக்க மறந்த தையல்காரரின் கதை. ஜன்னல்களைப் பூட்டினேன். பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது, அது போகும் வரை இருந்தேன். ஃபேனை நிறுத்தினேன். பாதிக் கதையில் வேர்த்து ஊற்றிப் போன் கையில் வழுக்கியது. பிறகு ஃபேனைப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். நீ அனுப்பிய வழிமுறைப்படி ஏற்றியும் விட்டேன். பெயர் கேட்டது. "அப்துல் ஸமட் கதைகள்" என்று கொடுத்தேன். வேறு என்ன பெயர் வைப்பது?

றஸாக் வந்தார். இரண்டு பேரைக் கூட்டி வந்தார். றஸாக் காணி வீடு பார்த்துக் கொடுக்கிற ஆள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், கூரை வேலையும் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. வந்தவர்கள் கிணற்றைப் பார்த்தார்கள், பின்மதிலைப் பார்த்தார்கள், பத்திரம் யார் பெயரில் என்று கேட்டார்கள். நோன்பு என்பதால் தேத்தண்ணி கொடுக்கவில்லை. கூரை நல்லாக இருக்கிறதாம்.

கடற்கரைப் பக்கம் இப்போது காற்று இல்லை.

துஆவுடன்,
வாப்பா


லெஸ்டர்
2024 ஏப்ரல் 21

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் எப்படிப் போனது? மாமி வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். நாங்கள் பெருநாளன்று வேலைக்குப் போனோம்.

உங்கள் கதையைக் கேட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மையத்து அறிவித்தல் சொல்கிற மாதிரி வாசித்திருக்கிறீர்கள். ஸைனப் கொஞ்சம் கேட்டுவிட்டு, "மூத்தவாப்பா ஏன் கோவமாக் கதைக்கிறார்?" என்று கேட்டாள். தையல்காரர் செத்துப்போனார் என்று நினைத்துவிட்டாள்.

அது அச்சுக்கு எழுதின கதை, வாப்பா. தாளைக் கீழே வையுங்கள். உம்மாவுக்குச் சொன்ன மாதிரிச் சொல்லுங்கள். தையல்காரரின் மனைவி கதைக்கிற இடத்தில் எங்கள் ஊர்ப் பெண் கதைக்கட்டும்.

ஆனால் ஒன்று. பாதியில் ஃபேன் ஓடத் தொடங்கியது. டக், டக். நான் லோண்ட்ரியில் ஒரு படுக்கை விரிப்பை மடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கதை என்ன ஆனது என்று தெரியாது, ஃபேனைத்தான் கேட்டேன். உம்மாவின் மையத்துக்கு வர முடியாமல் இங்கே நின்றவள் நான். அசர் தொழுகையோடு அடக்கியாயிற்று, எனக்கு டிக்கட் கிடைத்தது மறுநாள். அன்று அங்கே நின்றவர்கள் போனில் வீட்டைக் காட்டினார்கள், சனங்களைக் காட்டினார்கள். எல்லாம் பார்த்தேன். ஆனால் அந்த அறைக்குள் நான் இருந்த மாதிரித் தோன்றியது இப்போதுதான்.

இனி ஜன்னலைப் பூட்டாதீர்கள். பாண் ஓட்டோ வந்தால் வரட்டும்.

றஸாக் மாமா வந்ததைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மகள்,
ஸஹ்றா


சாய்ந்தமருது
2024 மே 19

அன்புள்ள மகளுக்கு,

ஸலாமும் துஆவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிசையைத் தவற விடவில்லை, ராத்தாவுக்கும் அறிவித்துவிடு.

மையத்து அறிவித்தல் என்று நீ எழுதியதை வாசித்து முதலில் கோபம் வந்தது. மூன்று நாள் போனைத் தொடவில்லை. பிறகு அதே தையல்காரரை மறுபடி எடுத்தேன். உன் உம்மா மீன் கழுவும்போது குந்தியிருக்கிற பலகைக் கட்டை அடுக்களையில் கிடந்தது. அதைக் கொண்டு வந்து முன்னறையில் என் முன்னால் வைத்தேன். அதற்கு மேல் போனை வைத்தேன். தாள் இல்லாமல் அந்தக் கட்டைக்குக் கதை சொன்னேன்.

வந்தது, மகள். தையல்காரரின் மனைவி, "ஊருட சட்டையெல்லாம் தைச்சீங்க, உங்கட மேலுக்கு என்னத்தப் போடப்போறீங்க? சுவரில தொங்கிற அளவு நாடாவையா?" என்று கேட்டாள். இது நான் எழுதிய கதையில் இல்லை. எங்கிருந்து வந்தாள் என்று எனக்கே தெரியாது. நடுவில் பாண் ஓட்டோ பாட்டோடு வந்து போனது, பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொன்னது. நிறுத்தினேன், பாங்கு முடியும் வரை இருந்தேன், மிச்சத்தைச் சொன்னேன். எதையும் வெட்டவில்லை.

போன கிழமை முர்ஷித் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. மருதமுனை ஆளாம், கட்டாரில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறாராம். "சேர், வண்டிக்குள்ள உங்கட கதை ஓடிட்டு இருந்திச்சி. பாண் ஓட்டோ பாட்டுக் கேட்டதும் வாசலுக்கு வந்திட்டு எண்டு இடுப்பில சாரனைக் கட்டப் பாத்தன்" என்று எழுதியிருந்தார். இத்தனை வருஷம் கதை எழுதினேன். என் கதையை ஒருவர் எங்கே, எப்படி இருந்து வாசித்தார் என்று ஒருநாளும் எனக்குத் தெரிந்ததில்லை. அந்தக் கடிதத்தைப் பள்ளியில் இரண்டு பேருக்குக் காட்டினேன். பெருமைதான், ஒளிக்கவில்லை.

நீ சொன்னது சரி. இதைத் தொடர்ந்து செய்யப்போகிறேன். கிழமைக்கு ஒரு கதை. ஒவ்வொரு வியாழனும் கட்டையைத் துடைத்து வைத்தால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தோன்றுகிறது.

றஸாக் இந்த மாதம் இரண்டு தரம் வந்தார். கூரைக்குத்தான்.

அன்புடன்,
வாப்பா


லெஸ்டர்
2024 ஜூன் 23

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முபாரக், பிந்திச் சொல்கிறேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் முழங்கால் எப்படி?

கதைகள் எல்லாம் கேட்கிறேன். இரட்டைப் பிள்ளைகளின் கதையில் நீங்கள் நடுவில் சிரித்துவிட்டீர்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. ஸைனப் வியாழக்கிழமையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இங்கே கொஞ்சம் சிக்கல். நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். கோடை முடிய வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருக்கிறார். நளீம் இனி வாடகைக்கு அலைய முடியாது, சொந்தமாக ஒன்று பார்க்கத்தான் வேண்டும் என்கிறார். அவர் சொல்வதிலும் பிழை இல்லை. ஸைனப் இதோடு மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள்.

நீங்கள் தனியாக இருப்பது எனக்கு யோசனையாக இருக்கிறது. மாமி வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தால் என்ன? மாமிக்கும் துணை. கதையை அங்கிருந்தும் பதியலாம்தானே.

இன்னும் ஒரு விஷயம் எழுத இருந்தேன். பஸ் வந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

மகள்,
ஸஹ்றா


சாய்ந்தமருது
2024 ஜூலை 28

அன்புள்ள மகள் ஸஹ்றா,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. கச்சான் காற்று ஆளை வாட்டி எடுக்கிறது, வேறு ஒன்றுமில்லை. முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்கிறது. நீங்கள் மூவரும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வீட்டுச் சிக்கல் சுலபமாக முடியும், கவலைப்படாதே. ஸைனபை ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்க விடு. பிள்ளைக்குக் கூட்டாளிகள் வேண்டும்.

இங்கே எல்லாம் வழமை போல. முன்னறையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஃபேன் தலைக்கு மேலே டக், டக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. ராத்தா நிந்தவூரிலிருந்து சூடை மீன் ஆணம் கொடுத்தனுப்பினார், இரண்டு நாளைக்கு வைத்துச் சாப்பிட்டேன். வியாழன் தவறாமல் கதை போகிறது. கேட்கிறாய்தானே?

றஸாக்கிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். நான் கடைக்குப் போன நேரம் யாராவது பார்க்க வந்தால் வாசலில் நிற்கத் தேவையில்லை.

நளீமுக்கு என் ஸலாம்.

துஆவுடன்,
வாப்பா


லெஸ்டர்
2024 ஆகஸ்ட் 1

வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதம் வந்த பிறகு இந்த மாதத்துக் கதைகளை மறுபடி கேட்டேன். இன்றைக்கு வந்ததையும் கேட்டேன். ஒன்றிலும் ஃபேன் இல்லை. முதலில் திருத்திவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தலைக்கு மேலே டக், டக் என்று அடிப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பாங்கு சொல்கிற குரலும் வேறு. எங்கள் பள்ளி மோதினார் கடைசியில் ஒரு இழுவை இழுப்பார், எனக்குத் தெரியாதா? கடல் இல்லை. பஸ் ஹோர்ன் பக்கத்தில் கேட்கிறது, மெயின் ரோட்டு வீடுதான். இன்றைய கதையில் தோணிக்காரன் அழுகிற இடத்தில் பின்னால் ஒரு குரல், "தம்பீ, தேத்தண்ணி ஆறப்போகுது" என்கிறது. உங்களைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் ஒரு ஆள்தான் இருக்கிறார்.

கடிதத்தில் நீங்கள் எதையும் எழுதிவிடலாம். எத்தனை ஆட்களை இல்லாத வீடுகளில் குடிவைத்திருக்கிறீர்கள். குரலில் உங்களால் முடியவில்லை, வாப்பா. குரல் போகிற இடத்துக்கு அறையும் கூடவே வருகிறது.

வீட்டை விற்பது பற்றி எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். கூரை என்று பொய் சொன்னேன். பஸ் வந்துவிட்டது என்று எழுதியபோது நான் வீட்டு அடுப்படியில் இருந்தேன். உங்களுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். நீங்களாகவே கேட்டுவிடுவீர்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று கோழையாக இருந்தேன். நீங்களும் கேட்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. எப்போது போனீர்கள்? ஏன் சொல்லவில்லை?

ஸஹ்றா


நிந்தவூர்
2024 ஆகஸ்ட் 5

என் மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊர்ப் பெயரை இந்தத் தரம் சரியாகப் போட்டிருக்கிறேன். நான் சுகம். ராத்தா என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வைத்துச் சோறு தீத்துகிறார்.

உன் ஜூன் மாதக் கடிதத்தை வாசித்த அடுத்த வெள்ளி வந்தேன். ஒரு பெட்டி, உடுப்பு, பலகைக் கட்டை. புத்தகங்களைப் பிறகு எடுக்கலாம்.

உனக்கு நான் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தன்று ஒரு பெட்டியோடு உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தவன் நான். நீ கல்யாணம் முடித்ததும் அதை உன் பெயருக்கு எழுதிவிட்டு நானும் அவரும் பின் அறைக்குப் போனோம். நீங்கள் இங்கிலாந்து போகும்போது, "வீட்டைப் பாத்துக்கொள்ளுங்க" என்று சாவியைத் தந்தாய். பாத்துக்கொண்டேன். மனைவி மௌத்தானால் ஆம்பிளை சகோதரி வீட்டுக்குப் போவது இங்கே புதுமை இல்லை. நான்தான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.

கோபம் வந்ததா என்று நீ கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பாய். வந்தது. இல்லை என்று எழுதினால் அடுத்த வியாழன் குரலில் கண்டுபிடித்துவிடுவாய். றஸாக் வந்து கிணற்றை எட்டிப் பார்த்த அன்று கோபம் வந்தது. ஆனால் பெற்ற மகள் வாப்பாவுக்கு "எழும்புங்க" என்று ஒரு கடிதம் எழுத வேண்டி வரும் என்று நினைத்தபோது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கடிதத்தை நீ எழுதக் கூடாது. நான் வந்துவிட்டால் நீ எழுதத் தேவையில்லை. அதற்காகத்தான் சொல்லாமல் வந்தேன்.

பொய் எழுதியது எழுத்தாளனின் பழக்கதோஷம். வாப்பாவை எழுப்பிவிட்டேன் என்ற பயமில்லாமல் உன்னைக் கையெழுத்து வைக்க விட்டு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். இந்தப் போன் காட்டிக் கொடுக்கும் என்று யார் கண்டது?

வாங்குகிறவர்கள் நல்ல சனம். மூத்த மகளின் கல்யாணத்துக்கு அவள் பெயரில் எழுதப்போகிறார்களாம். அதுவும் ஒரு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. விற்றுவிடு, மகள். மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே இரவில் படுத்தால் சத்தமே இல்லாமல் இருக்கிறது, அதுதான் ஒரு குறை.

வாப்பா


லெஸ்டர்
2024 ஆகஸ்ட் 11

அன்புள்ள வாப்பாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதத்தை ஸைனபுக்கும் வாசித்துக் காட்டினேன். நளீமும் கேட்டுக்கொண்டு இருந்தார். எழும்பிப் போய் வெகுநேரம் குழாயடியில் முகம் கழுவினார்.

கையெழுத்து வைக்கிறேன். வேறு வழி இருந்தால் செய்ய மாட்டேன் என்று எழுதலாம், ஆனால் வேறு வழியை நான் கடுமையாகத் தேடவும் இல்லை. ஸைனபுக்கு ஒரு வீடு வேண்டும். ஆகஸ்ட் முடியச் சாவி கைமாறும்.

புது வீட்டில் உங்களுக்கு ஒரு அறை இருக்கும் என்று நளீம் சொல்லச் சொன்னார். நீங்கள் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லி வைக்கிறேன்.

ஒரு உதவி செய்வீர்களா? சாவியைக் கொடுக்க முன்னம் ஒருநாள் அங்கே போங்கள். கட்டையையும் கொண்டு போங்கள். முன்னறையில் வைத்து, ஃபேனைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து, போனில் பதியுங்கள். கதை வேண்டாம். நீங்கள் கதைக்கவும் தேவையில்லை. வீட்டை விட்டுவிடுங்கள், அது தன்பாட்டில் இருக்கட்டும். எவ்வளவு நேரம் என்றாலும் பரவாயில்லை.

உம்மா கேட்டுக்கொண்டு இருந்த சத்தம் என்னிடம் இருக்க வேண்டும்.

உங்கள் மகள்,
ஸஹ்றா


நிந்தவூர்
2024 ஆகஸ்ட் 27

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன். நேற்றுப் போய் வந்தேன், இன்று காலை சாவியை றஸாக்கிடம் கொடுத்தேன்.

தளபாடம் எல்லாம் எடுத்தாயிற்று. வெறும் அறை, நடுவில் கட்டை, மேலே போன். இருக்கக் கதிரை இல்லாததால் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தேன். நீ சொன்னபடி வாய் திறக்கவில்லை. கதை சொல்கிறவனுக்கு அது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாது. பதிவில் பாண் ஓட்டோ வரும். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுவது வரும். கடல் கொஞ்சம் வரும், காற்று மாறும்போது. அசருக்கு எங்கள் மோதினார் இழுக்கிற இழுவை முழுதாக இருக்கிறது. வெறும் அறை என்பதால் ஃபேன் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்கும். யாரோ நடக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதே.

கடைசியில் எழும்பி ஃபேனை நிறுத்தினேன். அது உடனே நிற்காது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு டக்குக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அது நிற்கும் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு வாசலைப் பூட்டினேன்.

பூட்டும்போது வாய்தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். வெளியே போகும்போதெல்லாம் உன் உம்மாவிடம் சொல்கிறதுதான். வெட்ட நினைத்தேன், வெட்டவில்லை.

இதை மற்றக் கதைகளோடு போடவில்லை. முர்ஷிதுக்கும் இல்லை, ஒருவருக்கும் இல்லை. உனக்கு மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

வியாழன் கதை வழமை போல வரும். ராத்தா இனி நடுவில் தேத்தண்ணிக்குக் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். நம்ப வேண்டாம்.

என்றும் துஆவுடன்,
வாப்பா


லெஸ்டர்
2024 ஆகஸ்ட் 29

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். குளிசையைப் போடுங்கள்.

வேலைக்குப் போகிற பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். மேல் தட்டில் முன் இருக்கை. ஃபேன் நிற்கத் தொடங்கியபோது என் தரிப்பிடம் வந்தது. எழும்பவில்லை.

கடைசியில் நீங்கள் சொன்னது கேட்டது. "சுல்பிகா, போயிட்டு வாறன்." பிறகு பூட்டுச் சத்தம்.

பஸ் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டது. சாரதி மேலே ஏறி வந்து, இறங்கவில்லையா என்று கேட்டார். இது எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை, வாப்பா.

ஸஹ்றா